இன்று பிறந்தவர்கள்

கேக், பலூன், கேக், பூங்கொத்து, மறுபடியும் கேக்.

எக்ஸ்ரே அறையின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, அவன் போனில் ஒவ்வொரு வாழ்த்தையும் திறந்து பார்த்து மூடிக்கொண்டிருந்தான்.

இன்று அவனுக்குப் பிறந்தநாள் இல்லை.

நேற்று வேலை முடிந்து போனதும், அந்தச் சமூக வலைத்தளத்தில் தன் பக்கத்தைத் திறந்து பிறந்த தேதியை மாற்றி வைத்தான். அவ்வளவுதான் செய்தான். மீதியை அது பார்த்துக்கொண்டது. விடிந்ததும் அவனுக்குத் தெரிந்தவர் அத்தனை பேரின் போனிலும் போய், இன்னாருக்கு இன்று பிறந்தநாள், வாழ்த்துங்கள் என்று நச்சரித்தது. வாழ்த்தைக்கூட அதுவே எழுதி நீட்டியது. விரலை வைத்தால் போதும்.

ஊர் உலகமே அதில் விழுந்து கிடப்பதற்கு வேறென்ன காரணம் வேண்டும்? யாரையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. எல்லாரையும் ஞாபகம் வைத்திருப்பதாகப் பேர் மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

அவனுடைய அசல் பிறந்தநாள் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. அன்றைக்கு வாழ்த்திய அதே ஆட்கள்தான் இன்றும் வாழ்த்தினார்கள். ஒருவருக்காவது சந்தேகம் வரவேண்டுமே!

கதவைத் திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"என்ன சார், பிறந்தநாளும் அதுவுமா வாயே திறக்கல? ட்ரீட் எங்க?"

போன தடவை அவன் வாங்கி வந்த கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டவள் அவள்தான். அவன் சிரித்து வைத்தான்.

இவர்கள் யாருடைய வாழ்த்தும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. அக்காவிடமிருந்து ஒரு திட்டு வேண்டும்.

அம்மா இறந்த அன்று, கடைசிக் காலத்தில் எட்டிக்கூடப் பார்க்காதவள் இப்போது எதற்கு அழுகிறாய் என்று எல்லார் முன்னாலும் அக்காவைக் கேட்டுவிட்டான். அதோடு அவள் பேச்சை நிறுத்தினாள். அவனும் வீம்புக்கு நிறுத்தினான். அவன் பிறந்தநாளுக்கு அவள் வாழ்த்தவில்லை. அவன் மட்டும் என்ன, அவளுக்கு வாழ்த்தினானா?

தளத்தில் மட்டும் இருவரும் ஒருவரையொருவர் விலக்காமல் வைத்திருந்தார்கள். அவள் போடும் படங்களை அவன் பார்ப்பான். பார்த்த சுவடு தெரியாமல், லைக்கில் விரல் படாமல் பார்ப்பான்.

சின்ன வயதிலிருந்தே அவன் புளுகினால் அவளுக்குப் பொறுக்காது. யார் எவர் என்று பார்க்காமல் சபையில் போட்டு உடைத்துவிடுவாள். அதைத்தான் அவன் நம்பியிருந்தான். ஏன்டா பொய் சொல்கிறாய் என்று ஒரு வரி எழுதினால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு அவன் பேசிவிடுவான்.

மதியம் ஆயிற்று.

"மூச்ச இழுத்துப் பிடிச்சுக்கோங்க" என்று மைக்கில் சொன்னான், விடச் சொன்னான், அடுத்தவரைக் கூப்பிட்டான். நெஞ்செலும்புவரை காட்டிவிட்டுப் போகிறவர்கள், அவன் முகத்தை ஏறிட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

அக்காவிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

இந்த வயதில் இப்படியொரு சின்னப்பிள்ளைத்தனம் செய்தோமே என்று வெட்கமாக இருந்தது. தேதியைப் பழையபடி மாற்றிவிடலாம் என்று தளத்தைத் திறந்தான்.

அவனுக்கும் ஒரு நச்சரிப்பு காத்திருந்தது. உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு இன்று பிறந்தநாள், வாழ்த்துங்கள் என்றது. பக்கத்தில் அக்காவின் முகம்.

காலையில் அது அங்கே இல்லை. சத்தியமாக இல்லை.

ஒரே பிரசவத்தில், அவனுக்குச் சில நிமிடம் முன்னால் பிறந்தவள், தன் பிறந்தநாளையும் இன்றைக்கு மாற்றி வைத்திருந்தாள்.