மூன்றாவது டேக்

மைக் மறுபடியும் சொதப்பிவிட்டதால், டிவி ஆடை வடிவமைப்புப் போட்டியின் தீர்ப்பை மூன்றாவது முறையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. விளக்குச் சூட்டில் நடுவரம்மாவின் முகப்பூச்சு வழிகிறது. மேடையில் பச்சை கவுனைப் போட்டிருக்கும் மாடல் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறாள். அதைத் தைத்த பெண் முதல் தடவை தேம்பித் தேம்பி அழுதாள். இரண்டாம் தடவை மூக்கை மட்டும் உறிஞ்சினாள். கேமராவுக்குக் கண்ணீர் வேண்டுமே, இப்போது கண்ணில் சொட்டு மருந்து விட்டிருக்கிறார்கள். "முதல்ல திட்டின மாதிரியே திட்டுங்க, மேடம்," என்கிறார் இயக்குநர். நடுவரம்மா வாயைத் திறக்கிறார். அலுப்பில் ஒரு வார்த்தையும் நினைவுக்கு வரவில்லை. கவுனையே வெறித்துப் பார்க்கிறார். அப்படியொன்றும் மோசமாகத் தெரியவில்லை. "கத்தரிக்கோல், மேடம்," என்று அந்தப் பெண்ணே மெல்ல நினைவுபடுத்துகிறாள். "நானெல்லாம் கத்தரிக்கோலையே தொடக் கூடாதுன்னு சொன்னீங்க."