நாலு மணிக்கு நிற்கும் லிஃப்ட்

"லிஃப்டுக்குப் பேய் பிடிச்சிருக்குன்னு சொல்லு, நம்பறேன். பழுதே இல்லைன்னு மட்டும் சொல்லாதே!" என்று குதித்தார் குடியிருப்பின் செயலாளர்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். மனிதர் குதிக்காமல் என்ன செய்வார்? தொடர்ந்து ஐந்து வியாழக்கிழமைகளாக, மாலை நாலு மணிக்கு, மூன்றாவது மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காதது போல இறங்கி வருகிறது. மோட்டாரைப் பிரித்தாயிற்று, கம்பிவடத்தைத் தடவியாயிற்று, சுவிட்ச் பலகையை மோந்துகூடப் பார்த்தாயிற்று. எல்லாம் கல்லுக்குண்டாட்டம் இருந்தன.

"இந்த வியாழனும் நின்னுச்சுன்னா உன்னையும் மாத்திடுவேன், லிஃப்டையும் மாத்திடுவேன். ஆமா!"

ஐந்து முறையும் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அதே இரண்டு பேர். ஐந்தாவது மாடி டீச்சர், நாலாவது மாடி ரேடியோ. ஓயாமல் பேசுவதால் அவளுக்கு அந்தப் பெயர். கணவர் போய்ச் சேர்ந்து ஆறு மாதமாகிறது; அன்றிலிருந்து ரேடியோ பாடவில்லை.

யந்திரத்தில் கோளாறு இல்லையென்றால் யாரோ ஒருவரின் விரலில்தான் கோளாறு. மெக்கானிக் நேராக டீச்சர் வீட்டுக்குப் போனான். விஷயத்தைச் சொன்னதுதான் தாமதம், டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அதை ரிப்பேர் பண்ணிடாதீங்க."

"நல்லா இருக்கே! அது என் பொழப்பு டீச்சர்."

"அவ வீட்டுக்காரரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்தச் சொன்னதே நான்தான். அங்க போய் ரெண்டாம் நாள் போயிட்டாரு. 'உன் பேச்சைக் கேட்டதாலதான் அவரைப் பறிகொடுத்தேன்'னு எல்லார் முன்னாடியும் கத்தினா. அப்புறம் கதவைச் சாத்தினவதான். பெல் அடிச்சேன், போன் பண்ணேன், சாப்பாட்டு டப்பாவை வாசல்ல வச்சேன். வச்சது வச்சபடி இருந்துச்சு. இருபது வருஷச் சிநேகிதம் தம்பி. எனக்கு மட்டும் வேற யாரு இருக்கா?"

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

"வியாழக்கிழமை நாலு மணிக்கு நான் நூலகத்துக்குப் போவேன். எத்தனையோ வருஷமா அதே நேரம்தான். அவளும் மாத்திரை வாங்க அப்பதான் கீழே இறங்குறா. முதல் வாரம் நின்னப்போ, பொத்தான் இருக்கிற பக்கம் சாஞ்சுக்கிட்டு, எனக்கு முதுகைக் காட்டிட்டு நின்னா. இன்னமும் கோபம் தீரலை போல. ரெண்டாவது வாரம் 'வேர்க்குது'ன்னா. அந்த ஒத்தை வார்த்தைக்கு எனக்கு ராத்திரி தூக்கமே வரலைன்னா பாருங்களேன்! மூணாவது வாரம் அவரைப் பத்திச் சொல்லி அழுதா. போன வாரம் சிரிச்சுட்டா, தம்பி! சிரிச்சுட்டா!"

"வெளிய வந்தப்புறம்?"

"மறுபடி பூட்டுதான். அந்தப் பெட்டிக்குள்ள மட்டும்தான் அவ பழைய ரேடியோ. நான் படாத பாடு பட்டும் முடியாததை அந்த ஓட்டை லிஃப்ட் செய்யுது. அதைப் போய்ச் சரி பண்றேங்கறீங்களே!"

மெக்கானிக் மெல்லச் சிரித்தான். "டீச்சர், உண்மையைச் சொல்லுங்க. சிவப்புப் பொத்தானை அமுக்குறது நீங்கதானே?"

"நானா? 'அவசரத்துக்கு மட்டும்'னு எழுதியிருக்கிற பொத்தானையா? முப்பது வருஷம் பிள்ளைங்களுக்கு ஒழுங்கு சொல்லிக்கொடுத்தவ தம்பி நான்!"

எந்தத் திருடன் ஒத்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே மெக்கானிக் படியிறங்கினான். டீச்சர் மேல் அவனுக்குக் கோபமில்லை, பரிதாபம்தான். ஆனாலும் கையும் களவுமாகப் பிடிக்காமல் சோறு இறங்காது போலிருந்தது.

அதற்கு அவனிடம் ஒரு தொழில் வித்தை இருந்தது. இரும்போடு இரும்பு சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்கத் தடவும் நீல மை. லேசில் காயாது, தொட்டால் ஒட்டிக்கொள்ளும். சிவப்புப் பொத்தானை அமுக்கினால் லிஃப்ட் நிற்கும்; மறுபடி ஓட வேண்டுமானால் அதன் விளிம்பைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டும். வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு அந்த விளிம்பின் அடிப்பக்கத்தில், வெளியே தெரியாமல், மையைத் தடவிவிட்டு வந்தான்.

நாலு மணி. லிஃப்ட் நின்றது.

"பார்த்தியா, பார்த்தியா!" என்று செயலாளர் கீழ்த்தளத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கால் மணி நேரம் போயிற்று. திடீரென்று மேலேயிருந்து சுவரே அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு இறங்கி வந்தது. செயலாளர் நடையை நிறுத்தினார்.

"யாருப்பா அது?"

"ரேடியோ சார்."

செயலாளர் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். இன்னொரு சிரிப்பு வந்தது. கூடவே டீச்சரின் சிரிப்பும்.

"அடேயப்பா! அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு!" என்றவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி சரி, விடு. வாரத்துக்கு ஒரு நாள்தானே? நின்னா நின்னுட்டுப் போகட்டும்."

அன்றைக்கு நாலே முக்காலுக்குத்தான் லிஃப்ட் இறங்கி வந்து கதவு திறந்தது. முதலில் டீச்சர் வந்தாள். மெக்கானிக்கின் கண் நேராக அவள் கைகளுக்குப் போனது. நூலகப் புத்தகங்களை அணைத்திருந்த பத்து விரல்களும் பளிச்சென்று இருந்தன.

பின்னாலேயே, சிரித்துச் சிரித்து வந்த கண்ணீரைத் துடைத்தபடி ரேடியோ வந்தாள். துடைத்த இடமெல்லாம், மூக்கு நுனி வரைக்கும், நீல மை!