அந்த நாட்டின் நாற்காலி

“மனசாட்சியைக் கழற்றி வெச்சுட்டுத்தான் இந்தப் பட்டியலைப் போட்டீங்களா அக்கா?”

கேட்டது செயலாளர். சுவரில் ஒட்டியிருந்த பட்டியலையே பிய்த்துக் கையில் கொண்டுவந்திருந்தான்.

ஒருங்கிணைப்பாளர் நிமிரவில்லை. நாட்டுப் பெயர் அட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு மணி நேரத்தில் மாதிரி உலக மன்றம் தொடங்க வேண்டும். உலக விவகாரங்களைப் பேசுவதற்கென்றே இருந்த அந்த இளைஞர் அமைப்பில் அறுபது பேர். வருடத்துக்கு ஒருமுறை, ஆளுக்கொரு நாடாக உட்கார்ந்து வாதாடுவார்கள். யாருக்கு எந்த நாடு என்று குலுக்கி எடுத்துப் பட்டியல் ஒட்டுவது ஒருங்கிணைப்பாளரின் வேலை.

“புதுசுக்கு எந்த நாடு விழுந்திருக்குன்னு பார்த்தீங்களா?”

“பார்த்தேன். ஒட்டினதே நான்தானே.”

புதுசு என்பது ஆறு மாதம் முன்பு சேர்ந்த பெண். போரில் ஊரையும் அப்பாவையும் இழந்து, சித்தப்பா குடும்பத்தோடு வந்தவள். அவள் ஊர்மேல் குண்டு போட்ட நாடுதான் அவளுக்கு வந்திருந்தது.

“அவ அப்பாவைக் கொன்ன நாட்டுக்கு அவளையே வக்காலத்து வாங்கச் சொல்றீங்களே! என் நாட்டை அவளுக்குக் கொடுங்க. நான் மாறிக்கறேன்.”

“உன் நாடு எது?”

“மீன் ஏற்றுமதி பண்ற ஒரு தீவு. யாரோடவும் சண்டை கிடையாது.”

“நல்ல இடம். அங்கேயே இரு.”

“விளையாடாதீங்க அக்கா. அவகிட்டயே கேட்டுப் பார்த்தோம். தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கறா, பாவம். இந்தப் பட்டியலுக்குப் பின்னாலயே நாப்பத்திரண்டு பேர் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. பட்டியல் மாறலேன்னா, மன்றம் முடிஞ்ச கையோட உங்களைப் பொறுப்புலேர்ந்து எடுத்துடுவோம்.”

“எடுங்க. பட்டியல் மாறாது.”

அவன் வாசலில் கூடியிருந்தவர்கள் பக்கம் திரும்பினான். “கேட்டுக்கிட்டீங்களா? ஹெட்மாஸ்டர் சொல்லிட்டாங்க.”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். பெண்ணின் சித்தப்பா.

“அம்மா, அந்த நாட்டுப் பேரை எங்க வீட்டுல யாரும் வாயால சொல்றதில்லை. அந்த நாட்டுக்காரன் கடையில வேலைக்குச் சேர்ந்தான்னு சொந்த மச்சானையே நான் இன்னிவரைக்கும் படியேத்தலை. எங்க அண்ணன் பொண்ணைப் போயா அந்த நாற்காலியில உட்கார வைக்கறீங்க?”

“குலுக்கல்ல வந்துடுச்சு. விதின்னா விதிதான்.”

“நீங்க என்ன, கல்லா?”

ஒருங்கிணைப்பாளர் அடுத்த அட்டையை எடுத்து அடுக்கினார்.

மன்றம் தொடங்கியது. அந்த நாட்டு அட்டைக்குப் பின்னால் அவள் போய் உட்கார்ந்ததும் சித்தப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அரங்கில் இருந்த அத்தனை கண்களும் ஒருங்கிணைப்பாளரைச் சுட்டன.

மூன்றாவது தீர்மானம், ரொட்டிக்கடை வரிசைமேல் விழுந்த குண்டைப் பற்றியது. நடுவர் அவளைப் பதில் சொல்ல அழைத்தார்.

அவள் படிக்க வேண்டியது முன்னால் அச்சடித்து வைக்கப்பட்டிருந்தது. ‘அத்தாக்குதலுக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை.’ நிஜத்தில் அந்த நாடு ஐந்து வருடமாகச் சொல்லிவரும் பதில்.

தாளைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு எழுந்தாள்.

“அந்தக் குண்டைப் போட்டது நாங்கள்தான்.”

யாரோ இருமினார்கள். அவள் நிறுத்தவில்லை.

“அது ஆயுதக் கிடங்கு இல்லை, ரொட்டிக்கடை என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் போட்டோம். வரிசையில் நின்று செத்தவர்கள் முப்பத்தொரு பேர். அவர்களுடைய பெயர்களை எங்கள் அரசு இதுவரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.”

நடுவர் மேசையைத் தட்டினார். “ஒரு நிமிஷம். அந்த நாட்டோட அதிகாரபூர்வ நிலைப்பாடு இது இல்லையேம்மா?”

“இன்னிக்கு அந்த நாடு நான்தானே சார்? இன்னிக்கு இதுதான் நிலைப்பாடு. மதிப்பெண்ணைக் குறைக்கணும்னா குறைச்சுக்கோங்க.”

எதையும் பார்க்காமல் சொல்லத் தொடங்கினாள். பதினேழாவது பெயரில் மட்டும் ஒரு நொடி நின்றாள். அது அவளுடைய அப்பா. முப்பத்தொன்றாவது பெயர் முடிந்தபோது, மீன் ஏற்றுமதித் தீவு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது.

ஆனாலும் மன்றம் முடிந்த கையோடு, ஒருங்கிணைப்பாளரை நீக்கும் வாக்கெடுப்பு நடந்தது.

“அவ தைரியசாலி, சமாளிச்சுட்டா” என்றான் செயலாளர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அதுக்காக நீங்க பண்ணது சரின்னு ஆயிடாது.”

“ஆயிடாதுதான்” என்றார் ஒருங்கிணைப்பாளர்.

நாற்பத்திரண்டு கையெழுத்து ஐம்பது கையாகி உயர்ந்தது. ஏழு வருடம் நடத்திய அமைப்பின் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

பாதிப் படியில், பின்னால் ஓடிவந்து கையைப் பிடித்தாள் அந்தப் பெண்.

“நில்லுங்க அக்கா! எனக்குத் தாங்கலை. நான் போய் எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடறேன்.”

“என்னன்னு?”

“எனக்குக் குலுக்கலே நடக்கலை, அந்த நாட்டை எனக்கே கொடுங்கன்னு ஒரு மாசமா உங்க காலைச் சுத்திச் சுத்தி வந்தது நான்தான்னு!”

“சொல்லேன். சித்தப்பா காதுக்குப் போனப்புறம் சாயங்காலம் எந்த வீட்டுக்குப் போவே? எனக்கு ஒரு வேலைதானே போச்சு… போடி மேலே!”