ஞாயிற்றுக்கிழமை விரால்

"குழலி, சீக்கிரம் வா! இன்னைக்கு நெஜமாவே மாட்டிச்சு!"

பக்கெட்டோடு வாசலில் நின்ற மதியழகன், சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சமையலறையிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தாள் மனைவி பூங்குழலி. "நெஜமாவேன்னா? போன வாரம் புடிச்சதெல்லாம் இன்னா?"

"அது... அதுவும் நெஜந்தான். இது கொஞ்சம் ஜாஸ்தி நெஜம்."

ஹாலில் மாமனார் வேதாசலத்தின் முகத்தை மறைத்திருந்த பேப்பர் கீழே இறங்கியது. விருந்துக்காகக் காலையிலேயே ஆற்காட்டிலிருந்து குடும்பத்தோடு வந்து இறங்கியவர். "இன்னா மாப்ள, இன்னைக்கும் ரீலு விட்டுட்டு வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பேப்பரை ஏற்றிக்கொண்டார்.

மதியழகன், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷன் சூப்பர்வைசர். நாற்பது மெஷினில் நூல் சிக்காமல் பார்த்துக்கொள்கிற ஆள். அப்பேர்ப்பட்டவன் ஏரியில் மீன் பிடிக்க ஆசைப்பட்டு வாங்கிய பெய்ட்காஸ்டிங் தூண்டில் ரீலில் மட்டும், வீசுகிற ஒவ்வொரு தடவையும் தூண்டில் நரம்பு சிக்கிக் குருவிக்கூடு கட்டிக்கொள்ளும். சுழலும் உருளையைக் கட்டைவிரலால் அமுக்கி நிறுத்த வேண்டிய நொடியில், 'அடடா, எவ்ளோ தூரம் போவுது!' என்று வாயைப் பிளந்துகொண்டிருப்பான். அப்புறம் மதியம்வரை சிக்கெடுக்க வேண்டியதுதான். இரண்டு வருட ஞாயிறுகளில் அந்த ரீலை வைத்து அவன் பிடித்ததெல்லாம் குருவிக்கூடுகளே.

வெறும் கையோடு வீட்டுக்குப் போக மானம் இடம் கொடுக்குமா? திரும்புகிற வழியில் புகழேந்தியின் மீன்கடை. இவன் தயங்கித் தயங்கி வண்டியை நிறுத்துவதற்குள், "இத எடுத்துட்டுப் போங்க சார், நல்லா இருக்கும்" என்று ஒரு பையை நீட்டிவிடுவார். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கிடையாது. தங்கமான மனுஷன்.

வீடு வந்து சேர்வதற்குள் கதை தயாராகிவிடும். ரோகு என்றால் இரைக்கு மாவு உருண்டை, கனமான ஈயக்குண்டு, ரீலில் பிரேக் மிதமாக. கெளுத்தி என்றால் கோழிக்குடல், தடித்த நரம்பு. ஒரு தடவை பையில் சங்கரா இருந்தது. கடல் மீன்! "ஏரியில எப்படிங்க?" என்றாள் பூங்குழலி. "வெள்ளத்துல ஏறி வந்திருக்கும்" என்றான் கொஞ்சமும் கூசாமல்.

இன்றைக்கு அப்படி இல்லை. அல்லி இலைமேல் அவன் இரையாக வீசிய ரப்பர் தவளையைப் பொளக்கென்று விழுங்கியது ஒரு விரால். ரீல் வழக்கம்போல் குருவிக்கூடு கட்டி உதவ மறுத்துவிட, நரம்பைக் கையாலேயே இழுத்துக் கரையேற்றினான். புகழேந்தி கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியை விரட்டினான். மாமனார் காதுபட, பூங்குழலி வாயால் 'இது நீங்க புடிச்சது' என்று ஒரே ஒரு வார்த்தை வேண்டும். இரண்டு வருடப் புளுகுக்கும் அதுதான் பரிகாரம்.

"பாரு, உயிரோட இருக்குது!" பக்கெட்டைச் சாய்த்துக் காட்டினான்.

"விரால கடையிலயும் உயிரோடதான் விக்கறாங்க."

"வாயப் பாரு, தூண்டி முள்ளு குத்தின ஓட்டை!"

"நீங்களே குத்தியிருப்பீங்க."

"அடிப்பாவி! உள்ளங்கையப் பாரு, நரம்பு அறுத்த காயம்!"

"ரீலுல சுத்திதான் இழுக்கணும்னு நீங்கதான சொன்னிங்க? கையில எப்படிக் காயம்?"

மதியழகன் உள்ளங்கையை மூடிக்கொண்டான். உண்மையைச் சொன்னால் மீன் நிஜமாகும், மீனவன் பொய்யாகிவிடுவான்.

"கூடு கட்டிச்சு. கையால இழுத்தேன்" என்றான் ஈனஸ்வரத்தில். "குழலி, அந்த ரீலு எனக்கு இன்னும் சரியா வீசவே வரல. ஆனா இது சத்தியமா நான் புடிச்சது. நம்பு."

பேப்பருக்குப் பின்னால் மாமனார் கனைத்தார்.

பூங்குழலி பக்கெட்டைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஹாலுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். "நம்பறேங்க. இது நீங்களே புடிச்ச மீனுதான். யாராவது இல்லன்னு சொன்னா என்னைக் கேக்கச் சொல்லுங்க."

பேப்பர் மடங்கியது. வேதாசலம் எழுந்து வந்து பக்கெட்டை எட்டிப் பார்த்தார். "பலே மாப்ள!" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

மதியழகனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எதை வெச்சு நம்பின, குழலி?"

அவள் அவன் காதருகே வந்து குரலைத் தாழ்த்தினாள். "புகழேந்தி அண்ணன் இப்பதான் போன் பண்ணாரு. மூணு கிலோ ரோகு வெட்டி வெச்சிட்டு ஒக்காந்திருக்காராம். 'சார் இன்னும் வரலையேம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா'ன்னு கேக்கறாரு."

"மூணு கிலோவா? அவர யாரு வெட்டச் சொன்னது?"

"நல்லா கேட்டிங்க போங்க! மறுநாள் நீங்க எந்த மீனப் புடிக்கணும்னு, ரெண்டு வருஷமா சனிக்கிழம தவறாம நான்தான அவருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டிருக்கேன்?"