சாம்பிள் போட்டோ

"இதுல எடுத்தா நான் வெளுப்பா தெரிவேனா?" என்று கேட்டுக்கொண்டே ஷாலு அந்தப் பழைய கேனான் கேமராவைக் கையில் தூக்கிப் பார்த்தாள்.

வன்னியராஜ் சிரித்தான். "பின்னே? முகத்துக்கு ஒரு தெளிச்சம் குடுக்கும் சிஸ்டர். நிக்கான் உள்ளதை உள்ளபடி காட்டும். பொண்ணுங்களுக்கு இதுதான் நல்லது கேட்டோ."

சாலை பஜாரில் அரிசி மண்டிக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவில் அவனுடைய ஸ்டூடியோ. புது மாடல் வாங்கப் போகிறான் என்பதால் பழைய டி.எஸ்.எல்.ஆர். இரண்டையும் விற்கப் போவதாக பேஸ்புக்கில் போட்டிருந்தான். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஷாலு வந்திருந்தாள்.

அவள் அவசரப்படவில்லை. செல்போன் வெளிச்சத்தை அடித்து லென்ஸில் பூசணம் பிடித்திருக்கிறதா என்று பார்த்தாள். இரண்டின் ஷட்டரையும் அழுத்தி அழுத்திச் சத்தம் கேட்டாள். பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், பிடி ரப்பர் ஏன் தளர்ந்திருக்கிறது என்று குடைந்தாள்.

அவள் தலைக்கு மேலேயே சுவரில் அவள் படம் பெரிதாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பச்சைப் பட்டு, மல்லிகைச் சரம், பால் மாதிரி முகம். கல்யாண ஆலோசனைக்கென்று இவன் எடுத்துக் கொடுத்தது, இப்போது கடைக்கு சாம்பிள். அந்தப் பெண்தான் எதிரே நிற்கிறாள் என்று எடுத்தவனுக்கே தெரியவில்லை. எப்படித் தெரியும்? அந்த வெளுப்பு அவளுடையது இல்லையே, இவன் கம்ப்யூட்டரில் பூசியது.

அந்தப் படத்தை நம்பித்தான் நாகர்கோவிலிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை செல்போனை ஷாலுவின் கன்னத்துக்குப் பக்கத்தில் நீட்டி ஒப்பிட்டுப் பார்த்து, "இது தங்கச்சி படமா?" என்று கேட்டாள். கேசரியைத் தொடாமலே எழுந்து போனார்கள். தெருவில் பல நாள் அதே பேச்சு.

அப்பா இங்கே வந்து நியாயம் கேட்டிருக்கிறார். நாலு பேர் முன்னால் இவன் சொன்னானாம், "கறுப்பைக் கறுப்பா எடுத்தா எவன் வருவான்? ஆளை வரவழைக்கிறது என் ஜோலி, பிடிச்சு நிறுத்தறது உங்க பாடு." வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது அப்பா அழுதுவிட்டார். அப்பாவை அழ வைத்தவனை ஷாலு சும்மா விடுவாளா? அந்தக் கேமராவை வாங்கி விழிஞ்ஞம் கடலில் வீசினால் என்ன என்றுகூட எத்தனையோ தடவை யோசித்திருக்கிறாள்.

"ஆலோசனைப் படமெல்லாம் எதுல எடுப்பீங்க அண்ணாச்சி?"

"கேனான்லதான். பின்னே, அண்ணாச்சின்னு விளிக்காதீங்க சிஸ்டர். எனக்கு முப்பத்திரண்டுதான்."

இன்னும் பத்தைச் சேர்த்துச் சொல்லியிருந்தாலும் எல்லாரும் நம்பியிருப்பார்கள். ஆனால் ஆள் ஏக சந்தோஷத்தில் இருந்தான். கேட்காமலே கதையை அவிழ்த்தான். அவனுக்குக் கல்யாணம் கூடி வந்திருக்கிறது, பெண் மஸ்கட்டில் நர்ஸ். இவன் போட்டோவைப் பார்த்ததுமே அவளுக்குப் பிடித்துப் போயிற்றாம், லீவில் வந்ததும் நிச்சயம். பொன்முடிப் பக்கம் எஸ்டேட்டில் இருக்கிற அவள் அப்பா அம்மாவும் படத்தைப் பார்த்ததோடு சரி. அதற்குள் கடையைப் புதுசாக்க வேண்டும் என்றான்.

நல்ல விஷயம் என்று சொல்லிவிட்டு ஷாலு கைப்பையிலிருந்து சொந்த மெமரி கார்டை எடுத்தாள். ஒரே ஆளை இரண்டிலும் எடுத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும் என்றாள். பழைய கேமரா வாங்க வருகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். அவன் தலைத் தொப்பியைச் சரிசெய்து, காலரை இழுத்துவிட்டுக்கொண்டு ஜோராக நின்றான்.

கேனானில் இரண்டு எடுத்தாள். கார்டை நிக்கானுக்கு மாற்றியதும், ட்யூப் லைட்டில் ஒன்றும் புரியவில்லை என்று அவனை வாசலுக்கு அழைத்தாள். வெளியே சுள்ளென்ற வெயில். தொப்பி நிழல் முகத்தில் விழுகிறது, கழற்றுங்கள் என்றாள்.

அவன் தயங்கினான். ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தான். அவள் கேமராவைக் கீழே வைக்கப் போகிறவள் மாதிரி கையைத் தாழ்த்தியதும், வியாபாரம் போய்விடுமே என்று கழற்றினான். நெற்றி உச்சி வரைக்கும் ஏறியிருந்தது. கன்னமெல்லாம் பருத் தழும்பு. அவன் நெளிவதைப் பார்க்க ஷாலுவுக்குக் குளுகுளுவென்று இருந்தது.

நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, கடை போர்டோடு சேர்த்து ஒன்று. திரையில் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு தழும்பு விடாமல் விழுந்திருந்தது.

"நிக்கான் நல்ல சாதனம் அண்ணாச்சி. பொய் சொல்லல."

"அப்போ அதையே பேக் பண்ணட்டா?"

அவள் கார்டைக் கழற்றிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். கேமராவை அவன் கையில் கொடுத்து, இரண்டும் வேண்டாம் என்றாள். அவனுக்கு முகம் கறுத்துப் போயிற்று. வாங்குகிற எண்ணம் இல்லாமலா என்னை இவ்வளவு நேரம் வெயிலில் நிறுத்தி வைத்தாய் என்று குரலை உயர்த்தினான்.

ஷாலு படியிறங்கித் திரும்பினாள்.

"எடிட் பண்ணாத உங்க போட்டோ ஒண்ணு வேணும்னு மஸ்கட்ல இருந்து என் ஃப்ரெண்டு ஆர்ஷா கேட்டா."