விளம்பரம் வரும் வரை

கேசட் அறுந்திருக்கவில்லை.

கேரேஜ் அலமாரியில், ஆணி டப்பாக்களுக்குப் பின்னால், ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் துணியில் சுற்றிப் பத்திரமாக இருந்தது. நெவென்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நாடாவில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

அண்ணன் ரிஸ்டோ மூன்று தடவை பொய் சொல்லியிருக்கிறான். முதலில் பூஞ்சை பிடித்துவிட்டது என்றான். அடுத்த வாரம், எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை என்றான். நேற்று, அறுந்தே போய்விட்டது என்றான். அதனால்தான் வெள்ளிக்கிழமை வகுப்பை ரத்து செய்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் சிட்னியில் ரயில் ஏறி, உருக்காலை ஊரான போர்ட் கெம்ப்ளாவில் அவன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"என்ன புரொஃபசரம்மா, வீடு பூந்து ரெய்டா?" என்று கேரேஜ் வாசலில் நின்று கேட்டான் ரிஸ்டோ. சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

அவள் சிரிக்கவில்லை.

முப்பது வருஷமாக சினிமாவிலும் டி.வி.யிலும் வரும் பாட்டுகள்தான் அவளுடைய ஆராய்ச்சி. எல்லாம் இந்தக் கேசட்டிலிருந்து கிளம்பியது.

அவளுக்கு ஒன்பது வயதில் வந்த ஒரு தொடர். வேலைநிறுத்தம் தோற்று ஒருவன் வீடு திரும்புகிறான். கதவைச் சாத்துகிறான். மனைவி அவன் முகத்தைப் பார்க்கிறாள். யாரும் பேசவில்லை. அப்போது ஊரெல்லாம் பாடிக்கொண்டிருந்த ஒரு காதல் பாட்டு எங்கோ தூரத்தில் மெல்லக் கேட்கிறது.

ரிஸ்டோ டேப் ரிக்கார்டரை டி.வி.யோடு ஒட்டிப் பிடித்துப் பதிவு செய்தான். அம்மா மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருந்தாள். அப்பாவுக்கு உருக்காலையில், நிலக்கரி சுடும் கோக் அடுப்பில் மதிய ஷிஃப்ட்.

துக்கமான இடத்தில் காதல் பாட்டை, அதுவும் தூரத்தில் ஒலிக்கவிட்ட இயக்குநரின் துணிச்சலைப் பற்றிப் பிற்காலத்தில் நெவென்கா எட்டுப் பக்கம் எழுதினாள். அந்த எட்டுப் பக்கம்தான் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது.

இப்போது அந்தத் தொடர் இணையத்தில் வந்திருக்கிறது. அந்த இடத்தில் பாட்டு இல்லை. மௌனம்தான்.

பாட்டின் உரிமைத் தகராறில் எடுத்துவிட்டிருப்பார்கள் என்றாள் நெவென்கா. துறைக்குப் புதிதாக வந்த இமோஜென், எந்தக் காட்சிக்கு என்ன பாட்டு என்று டி.வி. நிலையம் அந்தக் காலத்தில் எழுதிவைத்த பட்டியலையே தோண்டி எடுத்து வந்தாள். அதிலும் இல்லை. பட்டியலையும் திருத்தியிருப்பார்கள், இவளுக்கு என் நாற்காலிமேல் கண் என்றாள்.

பல்கலைக்கழகம் அமைத்த விசாரணைக் குழு சுருக்கமாகக் கடிதம் அனுப்பியது. ரிஸ்டோ எப்போதோ எடுத்துக் கொடுத்த பிரதி போதாது. திங்கட்கிழமை பத்து மணிக்குள் அசல் கேசட் வேண்டும். இல்லாவிட்டால் ஆதாரத்தை இட்டுக்கட்டியவள் என்ற பெயரோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இமோஜென் ரிஸ்டோவுக்கும் போன் செய்திருந்தாள். நல்ல பிள்ளை என்று அவனே சொன்னான். அன்றிலிருந்து நெவென்காவுக்கு நெஞ்சில் முள். பதினாறு வயதில் அவன் உருக்காலைக்குப் போனதால்தான் இவள் காலேஜுக்குப் போனாள். நாற்பது வருஷம் கிரேன்மேல் உட்கார்ந்தவனுக்கு அது உள்ளே புகையாமலா இருந்திருக்கும்?

கேசட்டை அலமாரியில் இருந்த பழைய டேப் மெஷினில் போட்டாள்.

"வேணாம் நெவி, பழசு, நாடா சிக்கிக்கும்."

அவன் கை பொத்தானுக்கு வந்தது. தட்டிவிட்டாள்.

இரைச்சல். கதவு சாத்தும் சத்தம். பிறகு பாட்டு.

இருந்தது. அப்படியே இருந்தது. அவளுக்குக் கண் கலங்கியது. இதையா ஒளித்துவைத்தாய் என்று அண்ணனை முறைத்தாள். அவன் சிமெண்டுத் தரையில் கிடந்த எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளிடமிருந்த பிரதி முடியும் இடம் வந்தது. கேசட் ஓடிக்கொண்டிருந்தது.

காட்சி முடிந்து தேயிலை விளம்பரம். ஒரு பெண் குழைந்து குழைந்து பேசினாள்.

பாட்டு நிற்கவில்லை.

அதே தூரத்தில், விளம்பரத்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்து வந்த சோப்பு விளம்பரத்திலும் ஓடியது. ஒருவழியாக முடிந்ததும், ஒரு ரேடியோ அறிவிப்பாளன் மணி எட்டரை என்றான்.

பிறகு ஓர் இருமல்.

அடிநெஞ்சிலிருந்து இழுத்து, இரண்டு தடவை பாதியில் நின்று, மூன்றாவதில் முடிகிற இருமல். அப்பா சாகும்வரை அந்த வீட்டில் கேட்டது.

அவர் அப்போது ஷிஃப்டில் அல்லவா இருந்தார் என்று கேட்டாள்.

"ஷிஃப்ட் ஏது? அந்தக் குளிர்காலம் பூரா அவருக்கு வேலையே இல்ல. சாப்பாட்டு டப்பாவத் தூக்கிட்டு முன்வாசல் வழியா போவாரு. சந்து வழியா வந்து பின்னாடி ஷெட்ல ரேடியோவ வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. சின்னதுக்குத் தெரிய வேணாம்னு அம்மாகிட்ட சத்தியமே வாங்கிட்டாரு."

ரிஸ்டோ கேசட்டை வெளியே எடுத்தான். நாடாவுக்கு அடியில் ஒரு விரலை விட்டு வளையமாக இழுத்தான். அறுந்துபோச்சு என்று நேற்றே சொல்லியாயிற்று, அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்றான்.

அவள் அவன் விரலை விலக்கினாள். பேனாவைச் சக்கரத்துக்குள் நுழைத்து, தொங்கிய நாடாவைச் சுற்றி இறுக்கினாள். கைப்பையிலிருந்த கவரை எடுத்து விசாரணைக் குழுவின் முகவரியை எழுதினாள்.

பிறகு கேசட்டை மறுபடி மெஷினுக்குள் போட்டு, இருமல் வரும் இடத்துக்கு ஓட்டினாள். திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.