நத்தையின் மூடி

குட்டையில் தண்ணீர் வற்றிக்கொண்டே வந்தது. நண்டு கரையோரச் சேற்றில் ஆழமாக வளை தோண்டியது. பக்கத்தில் நத்தை ஒன்று மெல்லச் சேற்றுக்குள் புதைந்துகொண்டிருந்தது.

"அவ்வளவு ஆழம் போதுமா? முதுகுல வீட்டை வச்சிருக்கிற திமிரு உனக்கு," என்றது நண்டு.

நத்தை தன் உடம்போடு ஒட்டியிருந்த மூடியால் ஓட்டின் வாயை இறுக அடைத்துக்கொண்டது.

சேறு காய்ந்து வெடித்தது. நண்டு வளையின் அடியில் மட்டும் கொஞ்சம் ஈரம் இருந்தது. வெயில் தாழ்ந்ததும் அது மேலே வந்து நத்தையின் ஓட்டைத் தட்டும்.

"கோவமா? விளையாட்டுக்குத்தான் சொன்னேன்."

ஓட்டுக்குள் சத்தமே இருக்காது.

கோடை நீண்டது. நண்டுக்குப் பயம் வந்துவிட்டது. உள்ளே உயிர் இருக்கிறதா என்று பார்க்க, மூடியின் விளிம்பில் கொடுக்கை வைத்து மெதுவாக இழுத்தது. மூடி உள்பக்கமாக இன்னும் இறுகியது. நண்டு சட்டென்று கொடுக்கை எடுத்துக்கொண்டது.

"இன்னும் கோவம்தான்," என்று சொல்லிக்கொண்டது. அன்றைக்குத்தான் அது நன்றாகத் தூங்கியது.

பிறகு மழை வந்தது. குட்டையில் தண்ணீர் ஏறியது. மூடி மெல்லத் திறந்து, இரண்டு கொம்புகள் வெளியே நீண்டன.

"தண்ணி வந்துடுச்சா? நல்ல தூக்கம்," என்றது நத்தை. "நான் மூடும்போது நீ என்னமோ சொன்னியே, சரியாக் கேக்கலை."

நண்டு கொஞ்சம் யோசித்தது.

"பத்திரமா இருன்னு சொன்னேன்," என்றது.